எஸ்தர் தைத்த இருட்டு

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, பசுமைக்குடிலில் தொட்டிகளை நகர்த்தி இடைவெளி விட்டுக்கொண்டிருந்தோம். மழைக்காலம் வருவதற்குள் ஒரு செடியின் இலை அடுத்த செடியைத் தொடாதபடி வைத்துவிட வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் தங்கும், பூஞ்சை வரும். அந்த வேலையை எஸ்தர் இல்லாமல் நாங்கள் ஒரு வருடமும் செய்ததில்லை. மணி எட்டரை ஆகியும் ஆளைக் காணோம். சொல்லாமல் லீவு போடுகிற ஆள் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொன்னால், திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கணவர் அந்தோணியிடமிருந்து போன் வந்தது. "மேடம், எஸ்தரு பூட்டா மேடம்" என்றார். விடியற்காலையில் நெஞ்சு வலி என்று சொன்னாராம். ஆட்டோ உத்திரமேரூரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் கையில் வைத்திருந்த தொட்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். குடிலில் வேலை செய்யும் மல்லிகாதான் வந்து வாங்கிக்கொண்டாள்.

உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவே தொட்டிப்பூச் செடி வளர்க்கும் நம்மில் எஸ்தரைத் தெரியாதவர் கிடையாது. உங்களில் பாதிப் பேர் என் குடிலுக்கு வந்தது என்னைப் பார்க்க இல்லை, அவரிடம் சந்தேகம் கேட்கத்தான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அப்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது. பதினைந்து வருடம் என்னோடு வேலை செய்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நேரில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். எழுத்தில் அப்படி எழுதக் கை வரவில்லை. 'அவர்' என்று படித்திருந்தால் எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவர் வேலைக்கு வந்தது தொட்டிகளில் தென்னை நார்த்தூள் நிரப்ப. தினக்கூலி. நான் தோட்டக்கலை படித்தவள். படித்த திமிர் வேறு இருந்தது. முதல் சித்திரையிலேயே தண்ணீருக்கு ஒரு டைமர் வாங்கி மாட்டினேன். காலையில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை தானாகத் திறந்து மூடும். ஒரு வாரத்தில் இளம் செடிகள் துவள ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று நேரத்தைக் கூட்டினேன். இன்னும் துவண்டன. மூன்று மணிக்கு எஸ்தர் என்னைக் கூப்பிட்டுக் குழாய் முனையில் கையை நீட்டச் சொன்னார். "கைய காட்டுங்க மேடம், பயப்படாதீங்க" என்றார். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயிலிருந்து வந்த தண்ணீர் சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். "உங்களுக்கே தாங்கல. செடி இன்னா, வெந்நீர் வெச்சி குடுன்னு கேட்டுச்சா?" என்றார். அன்றே டைமரைக் கழற்றினேன். அதன்பின் எங்கள் குடிலில் கோடைக்காலத்தில் குழாயைத் திறந்தால் முதலில் வரும் சூட்டுத் தண்ணீர் நடைபாதைக்கு, குளிர்ந்த பிறகுதான் செடிக்கு. எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும் என்பதையும் அவர் மண்ணைப் பார்த்துச் சொன்னதில்லை. ஒற்றைக் கையால் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் வைத்துவிடுவார், லேசாக இருந்தால் ஊற்றுவார். அவ்வளவுதான் அவருடைய டைமர்.

ஆடி கடைசியில் நுனி கிள்ளும் வேலை வரும். பாயின்செட்டியா என்று நாம் சொல்லும் கிறிஸ்துமஸ் செடியை ஆவணி பிறப்பதற்குள் தலை கிள்ளிவிட்டால்தான் பக்கக் கிளைகள் விட்டு, மார்கழியில் ஒரே தொட்டியில் ஐந்தாறு சிவப்புத் தலைகள் நிற்கும். முதல் வருடம் வேலைக்கு வந்த பெண்கள் கிள்ள மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். நன்றாக வளர்கிற செடியின் தலையை உடைப்பது பாவம் என்றார்கள். நான் புத்தகத்தில் உள்ளதை எல்லாம் விளக்கினேன். ஒருத்தியும் அசையவில்லை. எஸ்தர் மட்டும் போய் முதல் செடியைக் கிள்ளினார். "தே, ஒரு தல போனா ஆறு தல வரும். நம்ம வூட்ல ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கினு போனா பின்னால எத்தினி தல வருது, பாக்கல?" என்றார். குடிலே சிரித்தது. பிறகு எல்லாரும் கிள்ளினார்கள். அந்தச் செடியின் பால் கையில் பட்டால் அரிக்கும். அதற்கும் அவர்தான் வழி செய்தார். கிள்ளுவதற்கு முன் ஆளுக்கு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், விரலிடுக்கு வரை. நான் வாங்கி வைத்த கையுறைகள் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன.

இவை எல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதில் நான் நல்ல பெயர் எடுக்கப் போவதில்லை.

என் குடிலின் கிழக்கு வேலியை ஒட்டித்தான் எஸ்தரின் காலனிக்குப் போகும் மண்பாதை. மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் காலனி வரை ஒரு விளக்கு கிடையாது. ஒரு வருடம் அந்தப் பாதையில் எஸ்தரின் நாத்தனாரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. அதிலிருந்து எஸ்தர் ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். கிராம சபை ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு வருடம் கழித்து, ஒரு புரட்டாசியில், என் வேலிக்கு எதிரே கம்பம் நட்டு, கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு ஒன்றைப் போட்டார்கள். காலனியில் ஜாங்கிரி கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

அதே வாரம் நான் இன்னொரு காரியம் செய்தேன். சாரல் அடிக்காமல் இருக்கக் கிழக்குப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த படுதாவைச் சுருட்டி மேலே கட்டச் சொன்னேன். முந்தைய வருட மழையில் சாம்பல் பூஞ்சை வந்து அவதிப்பட்டிருந்தோம். காற்று ஓடட்டும் என்பது என் கணக்கு. கணக்கு சரிதான். விளக்கை நான் யோசிக்கவில்லை. பாயின்செட்டியா சிவப்பதற்கு நீளமான இருட்டு வேண்டும். ஐப்பசி தொடங்கி ஒவ்வொரு நாளும், விடியும் வரை, இடையில் வெளிச்சம் படாத இருட்டு. பட்டுக்கொண்டே இருந்தால் செடி பச்சையாகவே நிற்கும். கல்லூரியில் இதைப் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவள் நான்.

அந்த வருடம் சென்னையில் ஒரு பெரிய பூக்கடைக்காரர் மொத்தக் குடிலையும் கேட்டிருந்தார். டிசம்பர் முதல் வாரம் செடிகள் சிவந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து ஓசூருக்குப் போய்விடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அவர் போனால் நான் குடிலை மூட வேண்டியதுதான். பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள், பதினோரு பேரும் அந்தக் காலனி. கார்த்திகை பிறந்தபோது மேற்கு வரிசைகள் சிவக்க ஆரம்பித்தன. கிழக்கு வரிசைகள் அப்படியே பச்சையாக நின்றன. உரத்தை மாற்றினேன். மருந்து தெளித்தேன். கடைசியில் மல்லிகாதான் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டாள் என்று முடிவுகட்டி, எல்லாருக்கும் முன்னால் அவளைக் கண்டபடி பேசினேன். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

எஸ்தர் இரண்டு நாள் கிழக்கு வரிசைகளில் மேலும் கீழும் நடந்தார். மூன்றாம் நாள் மாலை என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க வந்து நில்லுங்க. இன்னா தெரியுது?"

பச்சை வரிசைகளுக்கு நடுவே குறுக்காக ஒரு பட்டை மட்டும் சிவந்திருந்தது. நான்கு தொட்டி அகலம் இருக்கும். அங்கே மட்டும் ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் வேலியைக் காட்டினார். கம்பத்துக்கும் குடிலுக்கும் நடுவே எங்கள் தண்ணீர்த் தொட்டி மேடை மேல் நின்றது.

"டேங்க்கு நெயல் வுய்ற எடம் மட்டும் செவந்து கீது. மிச்சத்துக்கெல்லாம் லைட்டு அடிக்குது. மல்லிகா மேல தப்பு இல்ல மேடம்."

 படித்தவள் நான். கண்டுபிடித்தவர் அவர். அந்த வெட்கமும் பயமும் சேர்ந்து என்னை என்ன செய்ய வைத்தன என்று சொல்கிறேன். போனை எடுத்தேன். லைன்மேன் எனக்குத் தெரிந்தவர். தை மாதம் வரை அந்த விளக்கை அணைத்துவைக்கச் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் செய்வார். ஊராட்சியிலும் யாரும் கேட்க மாட்டார்கள். என் அப்பாவின் நிலத்தில் எஸ்தரின் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். இந்த ஊரில் யார் சொன்னால் விளக்கு எரியும், யார் சொன்னால் அணையும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"போன கீழ வைங்க மேடம்" என்றார் எஸ்தர்.

"ரெண்டு மாசம்தானே? அப்புறம் போட்டுக்கலாம்."

"ரெண்டு மாசம் பாம்பு லீவுல பூடுமா?"

"இந்த ஆர்டர் போச்சுன்னா பதினோரு பேருக்கும் வேலை இல்லை. உன் ஜனம்தானே அவங்க? நீ யார் பக்கம்?" என்று கத்தினேன்.

அவர் என்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வார். அப்போது சொல்லவில்லை. "செடிக்குத்தான இருட்டு வேணும்? செடிக்கு குடு. எங்க தெருவுக்கு எதுக்கு குடுக்குற?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்த லைட்ட அணைச்சீன்னா நாளைக்கி நான் வரமாட்டேன். ஏயு மணிக்கு ஒரு வாட்டி அந்த வழில வந்து பாரு. பாத்துட்டு அப்பால அணைக்கறதுனா அணச்சிக்கோ."

போனார். நான் வீம்புக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு வேலிக் கதவைத் திறந்துகொண்டு பாதையில் போய் நின்றேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். விளக்கு வருவதற்கு முன்பும் அவர்கள் அந்த வழியில் வருவதைப் பார்த்திருக்கிறேன். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, குனிந்த தலை நிமிராமல் வருவார்கள். அன்று அகலமாகப் பரவி, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு, எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்து, "இன்னா மேடம், இங்க நின்னுக்கினு கீறீங்க?" என்று கேட்டார்கள். சும்மாதான் என்றேன்.  வீட்டுக்குப் போய் போனை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன்.

மறுநாள் எஸ்தர் வந்தார். வருவாரா என்று ஆறு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் கடைசி வரை சொல்லவில்லை. நான் ஒரு தீர்வோடு இருந்தேன். படுதாவை மறுபடி இறக்கி, மாலை ஐந்துக்கே மூடிவிடலாம் என்றேன். செய்தோம். ஐந்து மணி வெயிலில் மூடியதும் உள்ளே அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது. இலைகளில் வியர்த்தது. சூடு அதிகமானாலும் சிவப்பு வராது, ஈரம் நின்றாலும் பூஞ்சை வரும். ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் காற்று. நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எஸ்தர் சிரித்தார். "சினிமா கொட்டாய்க்கி போனதே இல்லியா மேடம் நீங்க? வாசல்ல ஒரு தெர, நாலடி தள்ளி உள்ள ஒரு தெர. ஆளு போவும், காத்து போவும், வெளிச்சம் மட்டும் போவாது."

குடைத் துணி மாதிரி கெட்டியான கறுப்புத் துணி வாங்கி வந்தோம். அவர் வீட்டுத் தையல் மெஷினில் இரண்டே நாளில் தைத்தார். வெளித்துணி மேலிருந்து தொங்கும், கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும். உள்துணி தரையிலிருந்து எழும், மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். கீழே நுழைந்த காற்று இரண்டுக்கும் நடுவே ஏறி உள்ளே வரும். வெளிச்சம் அப்படி வளைந்து வராது. வெயில் இறங்கி ஆறு மணிக்கு இறக்குவோம், காலையில் ஏற்றிவிடுவோம். மேற்குப் பக்கம் விளக்கே இல்லாததால் அங்கே காற்றுக்கு முழுதாகத் திறந்தே வைத்தோம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இன்று நம்மில் ஆறேழு பேர் ரோட்டோரக் குடில்களில் இதே மாதிரிதான் துணி கட்டுகிறோம். யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

துணி கட்டிய அன்று மாலை எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மல்லிகாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம். எல்லாருக்கும் முன்னால திட்னீங்க, எல்லாருக்கும் முன்னால சொல்லிடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சொன்னேன். மல்லிகா மறுபடி அழுதாள்.

கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று அடுத்த கவலை. பனிமூட்டம், நோய் என்று ஏதாவது கதை கட்டலாமா என்று நான் யோசித்தேன். "பொய் சொன்னா அப்பால அந்தப் பொய்யயும் தண்ணி ஊத்தி வளக்கணும். ஆள வரச் சொல்லி செடிய காட்டுங்க" என்றார் எஸ்தர். வந்தார். மேற்குப் பாதியைக் கடைக்காரர் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொண்டார். கிழக்குப் பாதி பொங்கலுக்குத்தான் சிவக்கும் என்பதை எஸ்தரே அவரிடம் விளக்கினார், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சிவந்திருந்த பட்டையைக் காட்டி. அவர் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓசூர்ப் பேச்சை எடுக்கவே இல்லை. இரண்டு வரிசை இலை கொட்டி வீணாகப் போனது உண்மை. மற்றவை தை பிறந்தபோது தகதகவென்று நின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் பாதி பச்சையாக இருந்த பத்துத் தொட்டிகளை எஸ்தர் காலனி சர்ச்சுக்குக் கொண்டுபோய் வைத்தார். பச்சையாக இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, "ஏசு பொறந்தன்னிக்கி எல்லாம் செவப்பாவா இருந்துச்சு? அவுரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாராம்.

சில வருடம் கழித்து, நம் கூட்டத்தில் அந்தத் துணியைப் பற்றிப் பேச எஸ்தரை மேடையேற்றினோம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "அம்மா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "எட்டாவது சார். செடி அத்தக்கூட படிக்கல, அதனால எனக்கும் அதுக்கும் ஒத்துப்போவுது" என்றார் எஸ்தர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினேன். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

அடக்கம் நடந்த அன்று மாலை கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகக் குடிலுக்கு வந்தேன். அந்த வாரம்தான் துணி இறக்கத் தொடங்கியிருந்தோம். ஒரு நாள் போனால் போகட்டும், நானே முடிந்தவரை இறக்குகிறேன் என்று நினைத்தேன். ஒற்றை ஆளால் முடியாத வேலை அது. கயிற்றைக் கையில் எடுத்தபோது வேலிக் கதவு திறந்தது. பத்துப் பெண்களும் குளித்த ஈரத் தலையோடு வந்தார்கள்.  அவரவர் கயிற்றை அவரவர் பிடித்தார்கள். எஸ்தர் பிடிக்கும் கயிற்றை நான் பிடித்தேன். ஆறு மணிக்குத் துணி இறங்கியது. வெளியே விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நான் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்று அழுதேன்.

போன வாரம் ஊராட்சிச் செயலர் ஒரு காகிதத்தோடு வந்தார். என் குடிலுக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டி இருளர் குடும்பங்கள் சில இருக்கின்றன. அங்கே போகும் வழிக்கும் விளக்கு கேட்டு மனு வந்திருக்கிறது. கம்பம் என் மேற்கு வேலி மூலையில் வருகிறது, எனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். "உங்க செடிக்கு பேஜாராவும்னா சொல்லிடுங்க மேடம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம், ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

மேற்குப் பக்கம்தான் எங்களுக்குக் காற்று வரும் பக்கம். ஐப்பசி நடக்கிறது. செடிகள் சிவக்கத் தொடங்கும் நேரம். தை முடியட்டும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மறைக்க விரும்பவில்லை, யோசித்தேன். மனுவைப் புரட்டிப் பார்த்தேன். ஆவணியில் கொடுத்தது. கைநாட்டுகளும் கையெழுத்துகளுமாக இருந்த பட்டியலில் முதல் பெயர் எஸ்தர். உருண்டை உருண்டையான எழுத்து. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

செயலர் போனதும் மல்லிகாவைக் கூப்பிட்டு, மேற்குப் பக்கத்துக்கும் இரட்டைத் துணி வேண்டும், கம்பம் நடுவதற்குள் தைத்தாக வேண்டும், அளவெடு என்றேன். அவள் அளவெடுக்கப் போகவில்லை. உரமூட்டை வைக்கும் அறைக்குப் போய், பிளாஸ்டிக் உறையில் மடித்துக் கட்டிய ஒரு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரித்தால் கறுப்புத் துணி. வெளித்துணி, உள்துணி இரண்டும். ஓரம் மடித்து, கயிறு கோர்க்க வளையம் வைத்து, தைத்து முடித்தது.

"எஸ்தரக்கா மனு குடுத்த வாரமே தெச்சி வெச்சிட்டாங்க மேடம்" என்றாள். "மேடத்த ஒரு வார்த்த கேக்க வாணாமா, அவங்க கையெழுத்து போடலன்னா இன்னா பண்றதுன்னு நான் கேட்டேன். 'மேடம் போடுவாங்க, நீ தெக்கிற வேலய பாரு'ன்னாங்க."

பதினைந்து வருடத்தில் எஸ்தர் என் முகத்துக்கு நேரே என்னைப் பாராட்டியதே இல்லை. நானும் அதற்குப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. அவரிடம் நான் கற்றுக்கொண்டவை உங்கள் எல்லாருக்கும் பொது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன அந்த இரண்டு சொற்களை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.